மினி பஸ்ஸில் ஒரு பாலைவனம்

அரியலூரில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேட்டு வைப்பதற்கு முன் சங்கு ஊதுவார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு யாரையோ கூப்பிடுவது போல நீளமான ஒரு ஊதல். அது நின்றதும் ஊரே வாயை மூடிக்கொள்ளும். காக்கை கூடக் கத்தாது. அப்புறம் பூமிக்குள் யாரோ கதவைச் சாத்தியது போல 'தொம்' என்று ஒரு சத்தம். அலமாரியில் தம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். வேட்டுச் சத்தம் மறந்துவிட்டது. சங்குக்கும் வேட்டுக்கும் நடுவில் இருந்த மௌனம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

பூமியின் பழைய கதையைச் சொல்லிப் பிழைக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: நாம் சொல்வது தப்பு என்று சாட்சி சொல்ல அந்தக் காலத்து ஆள் யாரும் உயிரோடு இல்லை. ஒரு தொல்லையும் உண்டு: கேட்கிறவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை வேறு வேறு முகங்களுக்குச் சொல்லித் தொண்டை கட்டிப்போனவர்களே, வாத்தியார்களே, பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்களே, பஸ் கண்டக்டர்களே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

நான் பூகோளம் படித்தவள். அதையே சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வீட்டில் பேச ஆளில்லாமல் போன பிறகு, ஊரோடு பேசலாம் என்று ஒரு அறக்கட்டளையின் கண்காட்சி பஸ்ஸில் விளக்கம் சொல்லும் வேலைக்குச் சேர்ந்தேன். பஸ்ஸும் ரிட்டயர்டு, நானும் ரிட்டயர்டு. பழைய மினி பஸ் ஒன்றின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு பாலைவனத்தை வைத்திருந்தார்கள். கண்ணாடித் தொட்டியில் மணல். ஏரிச் சேற்றில் பதிந்த ஆதிமனிதர் காலடியின் நகல், வெள்ளை மாவுக்கல்லில். சுவரில் ஒரு பெரிய வரைபடம்; ஆப்பிரிக்காவில் கிளம்பி அரேபியா வழியாக நம் பக்கம் வரும் ஒரு சிவப்பு நூல். வாசலில் இரண்டு ஆளுயரப் பொம்மைகள்: முன்னால் ஈட்டியோடு ஓர் ஆண், பின்னால் இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண்.

நான் சொல்ல வேண்டிய பாடம் சின்னதுதான். பாலைவனம் எப்போதும் பாலைவனமாக இருந்ததில்லை. மழை பெய்த காலங்களில் அரேபியாவில் ஏரி இருந்தது, புல் இருந்தது, நீர்யானை கூட இருந்தது. அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டு மனிதர்கள் நடந்தார்கள். மழை நின்றது, பச்சை போனது, மறுபடி கிளம்பினார்கள். அவ்வளவுதான். இதைச் சொல்ல நான், ஓட்ட பழனிவேல்.

முன்னால் நிற்பவர்

முதல் நாள் பெரம்பலூரில் பஸ்ஸை நிறுத்தியபோது, வேலை முடிந்து வந்த பழனிவேலின் மனைவி தேன்மொழிதான் முதலில் ஏறிப் பார்த்தாள். பெரம்பலூரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கூடவே அவர்களுடைய பெண் குழந்தை. பஸ்ஸுக்குள் வந்ததும் நேராக டிரைவர் சீட்டுக்குப் போய் அப்பன் மடியில் ஏறிக்கொண்டது. அப்போதுதான் பழனிவேல் எனக்கு அந்தச் செய்தியைச் சொன்னான். சவூதியில் டிரைவர் வேலைக்கு ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட் கொடுத்திருக்கிறான். மெடிக்கல் பாஸானால் விசா. கட்டிக்கொண்டிருக்கும் வீடு கூரை போடாமல் லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. மழைக்கு உள்ளே செடி முளைக்கிறது.

தேன்மொழிக்கு அவன் போவதில் இஷ்டமில்லை. பாப்பா அவன் மடியில்தான் தூங்கும். எனக்கும் கவலை, இந்தச் சம்பளத்துக்கு வேறு டிரைவர் கிடைக்க மாட்டான், பழனி இருக்கிறவரைக்கும்தான் பஸ் என்று அறக்கட்டளைக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆக, பாலைவனத்தைச் சுமந்துகொண்டிருந்த அந்த பஸ்ஸில் எங்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: பழனி போவானா, இருப்பானா? பேச்சை மாற்ற நான் பொம்மைகளைக் காட்டி, இப்படித்தான் மனிதர்கள் பாலைவனத்தைக் கடந்தார்கள் என்று ஆரம்பித்தேன். தேன்மொழி ஈட்டிக்காரரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"முன்னாடி போனது ஆம்பளதான்னு யாரு போயி பாத்தாங்க, டீச்சரம்மா?"

மணல் எந்த ஊர்?

திருமானூர் போகும் வழியில் ஒரு வேகத்தடை. பழனி பார்க்கவில்லை. தொட்டியின் கண்ணாடி விரிசல் விட்டு, பாலைவனம் மொத்தமும் படிக்கட்டு வழியாக ரோட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் நிகழ்ச்சி. "கவலப்படாதீங்க டீச்சரம்மா" என்று போனவன், கொள்ளிடக் கரையிலிருந்து இரண்டு சட்டி மணலோடு வந்தான். தொட்டிக்கு டேப் ஒட்டி, மணலை நிரப்பி, நடுவில் ஒட்டகப் பொம்மையை நட்டான். ஒட்டகத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை.

திரும்பும்போது மணல் வண்டிகளைச் சோதிக்கிறவர்கள் கை காட்டி நிறுத்தினார்கள். கொள்ளிடத்துப் பக்கம் மணல் என்றால் சும்மாவா? ஓர் அதிகாரி உள்ளே ஏறி, தொட்டியைப் பார்த்து, மணல் எங்கேயிருந்து என்று கேட்டார். பழக்கதோஷத்தில் நான் "அரேபியப் பாலைவனம்" என்றேன். அதே நொடியில் பழனி "கொள்ளிடம் சார்" என்றான். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வரைபடத்திலிருந்து ஆரம்பித்து நீர்யானை வரை முழுப் பாடத்தையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இறங்கும்போது சொன்னார்:

"நான் இந்த வேலையில எத்தனையோ பொய் கேட்டிருக்கேம்மா. சவூதியிலேருந்து மணல் கடத்திட்டு வரோம்னு சொன்னது நீங்க ஒருத்தருதான்."

செட்டிகுளத்தில் ஒரு பாதம்

பங்குனி உத்திரத்துக்கு செட்டிகுளத்தில் பஸ்ஸை நிறுத்தினால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது என்று யோசனை சொன்னவன் பழனிதான். மலைக்கு மேலே முருகன், கீழே நாங்கள். இறங்கி வருகிறவர்கள் நெற்றியில் விபூதியும் கையில் தேங்காய் மூடியுமாக வரிசையில் ஏறினார்கள். நான் வரைபடத்தின் பக்கம் பேசிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் ஏதோ ஒரு அமைதி. திரும்பிப் பார்த்தால், மாவுக்கல் காலடிக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் கதம்பமும் சாத்தியாயிற்று. ஓர் அம்மாள் கற்பூரம் தேடிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் டீசல் இருக்கிறதே என்று பழனி பாய்ந்து போய்த் தடுத்தான்.

இது சாமி பாதமில்லை என்று விளக்கினேன். லட்சம் வருஷத்துக்கும் முன்னால், பாலைவனமாக மாறுவதற்கு முன் அரேபியாவில் இருந்த ஓர் ஏரிக்கரையில், யாரோ ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனபோது பதிந்த கால். யார் என்று தெரியாது. ஆணா பெண்ணா தெரியாது. பெயர் தெரியாது. எங்கே போனார் என்பதும் தெரியாது. சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் கைகள் இன்னும் நெருக்கமாகக் குவிந்தன.

"பேரும் தெரியாது, ஊரும் தெரியாது, போன தடம் மட்டும் இருக்குன்னா, அதத்தான சாமின்னு சொல்றோம், நீங்க என்னாங்க இல்லங்குறீங்க?"

அன்று மாலை வரை காலடிக்குப் பூ வந்துகொண்டே இருந்தது.

குன்னத்து மழை

குன்னம் வானம் பார்த்த பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் மேகத்தை நம்பி நிற்கும் ஊர். நாங்கள் போனது மழை ஏமாற்றிய ஒரு புரட்டாசி. வெயிலுக்கு ஒதுங்க இடம் கிடைத்ததே என்று பஸ்ஸுக்குள் நின்றவர்களிடம், அந்தக் காலத்தில் தென்மேற்குப் பருவமழை இப்போதைவிட வடக்கே தள்ளிப் போய் அரேபியாவிலும் பெய்தது, அதனால்தான் அங்கே ஏரிகள் நிரம்பின என்று சொன்னேன். வேறு எந்த ஊரிலும் இந்த இடத்தில் கொட்டாவி விடுவார்கள். குன்னத்தில் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"மழ நின்னதும் அந்தச் சனம் என்னா பண்ணுச்சுங்க?" என்றார் ஒருவர். கிளம்பிவிட்டார்கள் என்றேன். "பின்ன என்னா பண்ணுவான்" என்று தலையாட்டினார். டிரைவர் சீட்டிலிருந்து பழனி என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அவனுக்கு ஆதரவாக ஓர் ஓட்டு விழுந்துவிட்டது. நான் அவசரமாக அடுத்த படத்துக்குப் போனேன். ஆனால் வெங்காயம் போட்டிருந்த ஓர் அக்கா மழையை விடவில்லை.

"நம்ம மழ அவ்ளோ தூரம் போச்சுன்னா, அதுக்கு விசா எடுத்துக் குடுத்த ஏஜென்ட் யாரும்மா? அவன இந்தப் பக்கம் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

ஊறுகாய் பாட்டில்

எங்கள் வரைபடத்தில் அரேபியா மட்டும் தேய்ந்துபோயிருக்கும். ஆப்பிரிக்கா பளபளவென்று இருக்கும். இமயமலையை யாரும் தொட்டதில்லை. இந்த இரண்டு மாவட்டத்திலும் வீட்டுக்கு ஓர் ஆள் அங்கே இருக்கிறார் என்று தோன்றும். பெண்கள் வருவார்கள், நான் பேசி முடிக்கக் காத்திருப்பார்கள், பிறகு ஒரு விரல் மெதுவாக வரைபடத்தின் மேல் நகரும். "இங்கதான் இருக்காரு." "இல்லடி, அது தமாமு ஊரு. நம்மாளு இன்னும் கீழ." ஒருத்தி போனில் கணவனைக் கூப்பிட்டு முகம் பார்த்துப் பேசியபடியே, "நீங்க இருக்குற எடத்துல ஏரி இருந்துச்சாம், நீர்யானையெல்லாம் குளிச்சுச்சாம்" என்று பஸ் முழுக்கக் காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "இங்க ஏசி ரிப்பேருடி."

லப்பைக்குடிகாட்டில் சபுரா மாமி என்ற முதிய பெண்மணி மணல் தொட்டியில் விரலை விட்டுப் பார்த்து, முகம் சுளித்து, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய ஊறுகாய் பாட்டிலோடு திரும்பி வந்தார். நிறைய மணல். பழுப்பும் சிவப்புமாக, மாவு போல மெல்லியது. சவூதியிலிருந்து கணவர் லீவில் வரும்போதெல்லாம் பெட்டியை உதறினால், செருப்பைத் தட்டினால் விழுவதை மாமி கூட்டித் தள்ளாமல் சேர்த்துவைத்தாராம். அவர் இல்லாத மாதங்களில் பாட்டில் மட்டும் அலமாரியில் இருக்கும். கேட்கத் தயங்கினேன், கேட்டும்விட்டேன்: "இப்ப அவரு?" மாமி சிரித்தார். "அல்ஹம்துலில்லாஹ், வூட்டுலதான் இருக்காரு. நாள் முழுக்க டிவி. ஆளே வந்து குந்திக்கிட்ட பொறகு மணலு எதுக்கு? ஊத்திக்கங்க."

கொள்ளிடத்து மணலின் மேல் அந்த மணலைத் தூவினோம். எங்கள் தொட்டி முதன்முறையாகப் பொய் சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டது. காலி பாட்டிலை மாமி திருப்பி வாங்கவில்லை. பழனி போகப்போகிற சேதி அதற்குள் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பாட்டிலை அவன் கையில் வைத்து அழுத்திவிட்டுச் சொன்னார்:

"கழுவி ஒங்க வூட்டுக்காரிகிட்ட குடுத்துட்டுப் போங்க தம்பி, மூடி நல்ல மூடி."

யார் குடித்தது?

அரியலூர்ப் பிள்ளைகளிடம் பழைய காலம் என்று பீற்றிக்கொள்ள முடியாது. அவர்கள் பையில் பென்சிலோடு சேர்ந்து கல்லான சங்கும் சிப்பியும் கிடக்கும். இந்த மண்ணே ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தது என்று கைக்குழந்தைக்கும் தெரியும். பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வழக்கம்போலப் பாலைவனத்து ஏரியைப் பற்றிச் சொல்லி முடித்தேன். இரட்டை ஜடை போட்ட ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள்.

"இங்க இருந்த கடலும் காணோம், அங்க இருந்த ஏரியும் காணோம், ரெண்டையும் யாரு மிஸ் குடிச்சது?"

சங்குக்கும் வேட்டுக்கும் நடுவில்

பழனி மெடிக்கலுக்குத் திருச்சி போய்வந்தான். முடிவை ஏஜென்ட் போனில் சொல்வதாக ஏற்பாடு. அன்று பஸ் அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டோரம் நின்றிருந்தது. போன் அடித்து நின்றது. மறுபடி அடிக்கும்வரை பழனி அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பழைய மௌனத்தை நான் மறுபடி கேட்டேன்.

அன்ஃபிட். கல்யாணத்துக்கு முன்னால் அவன் கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தபோது காசநோய் வந்து, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக் குணமாகியிருக்கிறான். இப்போது ஆள் கல்லுப் போலத்தான் இருக்கிறான். ஆனால் எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் ஒரு பழைய தழும்பு தெரிகிறது. தழும்பு தெரிந்தால் அங்கே எடுக்க மாட்டார்கள். பஸ் நிற்காது என்று எனக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதற்கு நான் உட்கார இடம் கொடுக்கவில்லை. அவன் வீட்டுக்குள் முளைத்திருக்கும் செடி கண்ணில் நின்றது. குணமானதற்கு ஏதாவது சர்டிபிகேட் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டேன். அவன் மாவுக்கல் காலடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"லட்சம் வருசத்துக்கு முன்னாடி சேத்துல பதிஞ்ச காலே அழியலன்னு தெனம் நீங்கதான டீச்சரம்மா சொல்றீங்க, எனக்குப் பதிஞ்சது அதுக்குள்ள அழிஞ்சிடுமா?"

பாத்துக்குறது

அதே ஏஜென்ட் போனை வைப்பதற்கு முன் போகிற போக்கில் ஒன்றைக் கேட்டிருக்கிறார்: உங்க வீட்ல நர்ஸ்தானே? நர்ஸுக்கு அங்கே நல்ல கிராக்கி. பழனி இதை ஒரு வேடிக்கை போல வீட்டில் சொல்லியிருக்கிறான். தேன்மொழி சிரிக்கவில்லை. அங்கே வேலைக்கு எழுத வேண்டிய பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். பரீட்சை, நேர்காணல், மெடிக்கல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தன. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது.

கிளம்புவதற்கு முன் என்னிடம் சொல்லிக்கொள்ள பஸ்ஸுக்கு வந்தாள். கையில் பாப்பா. வரைபடத்தின் முன்னால் நின்று, எத்தனையோ பெண்களின் விரல் தேய்த்த அந்த இடத்தில் தன் விரலையும் வைத்துப் பார்த்தாள். பழனி டிரைவர் சீட்டிலிருந்து திரும்பினான். "இன்னும் யோசிக்கலாம் தேனு. ஊருல என்னா பேசுவாங்க? பாப்பாவ யாரு பாத்துக்குறது?" பாப்பாவை அவன் மடியில் உட்காரவைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"நீங்க போறேன்னப்ப பாப்பாவ யாரு பாத்துக்குறதுன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

இட மாற்றம்

அவள் கிளம்பிப் போன வாரத்தில் பழனி லீவு எடுக்கவில்லை. தினமும் வந்தான். பாப்பாவும் வந்தது, நான் ஏரி, நீர்யானை என்று பேசும்போது டிரைவர் சீட்டில் தூங்கியது. ஒருநாள் பெரம்பலூரில் பஸ் ஏறினேன்; வாசலில் ஏதோ வித்தியாசம். பொம்மைகள் இடம் மாறியிருந்தன. இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவள் முன்னால் நின்றாள். ஈட்டிக்காரர் பின்னால், ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டப்பட்டு, கொஞ்சம் அசட்டு முகத்தோடு நின்றார். பழனியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. சபுரா மாமியின் பாட்டில் கழுவித் துடைத்து ஸ்டீயரிங்குக்கு முன்னால் காலியாக இருந்தது. அதையும் கேட்கவில்லை.

கேட்டது, முன்பு ஒருமுறை பார்த்துவிட்டு இப்போது பேரப்பிள்ளைகளோடு மறுபடி வந்த ஒரு பெரியவர். "ஏம்ப்பா, போன தடவ ஆம்பளதான முன்னாடி நின்னாரு? இப்ப ஏன் பின்னாடி போயிட்டாரு?" நான் ஏதாவது அறிவியல் காரணம் கிடைக்குமா என்று தேடுவதற்குள், பாப்பாவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு பழனி பதில் சொல்லிவிட்டான்:

"அவரு மெடிக்கல்ல அன்ஃபிட்டுங்க."

மனிதர்கள் பாலைவனத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்த கதையை ஊர் ஊராகச் சொல்லும் பஸ்ஸை இன்னும் பழனிவேல்தான் ஓட்டுகிறான். அந்தக் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பிப் படித்துக்கொண்டு போன தேன்மொழி, ரியாத்தில் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறாள்.